பிரேக்கு என்று ஒரு பேர்

மார்ச் 3, திங்கள்

கடையைப் பூட்டிச் சாவியைப் பையில் போடும்போது அவன் போன். அப்பா போன பிறகு அவனாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. வீட்டுப் பின்னால் இருக்கும் ஷெட்டை இடிக்கிறானாம்.

"அந்தப் பழைய வண்டியை எடைக்குப் போடறேன். உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

எனக்கு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டான். சும்மா என்றேன். ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"தாராளமா எடுத்துக்கோ. ஆனா ஓட்டித் தொலைச்சிடாதே. தெருவுல மனுஷங்க நடமாடறாங்க."

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. இந்த நோட்டு முடியும்வரை அவன் வெறும் அவன்தான்.

மார்ச் 5, புதன்

வண்டி வந்துவிட்டது. கடைக்குப் பின்னால், தையல் மெஷின்களுக்கு நடுவே வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன் மாதிரி நிற்கிறது. சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்தியிருக்கின்றன. முன் பம்பர் இடது பக்கம் உள்வாங்கிக் கிடக்கிறது. அந்த இடத்தை மட்டும் நான் துடைக்கவில்லை.

லாரியிலிருந்து இறக்கும்போது, ஸ்டியரிங் பிடிக்க லாரிக்காரர் ஏறி உட்கார்ந்தார். கால்களால் துழாவிவிட்டு, "பிரேக் நடுவுல இருக்கறதுதானேம்மா?" என்றார்.

"நடுவுல இருக்கறது ஆக்ஸிலரேட்டர். இடது ஓரம் கிளட்ச், வலது ஓரம் பிரேக்."

"எவன்யா இப்படிச் செஞ்சான்!"

அந்தக் காலத்தில் சில வண்டிகள் அப்படித்தான். வேறு வண்டியில் பழகிய எல்லோரும் இதில் நடுவில்தான் மிதிப்பார்கள். எங்கள் இருவருக்கும் மட்டும் அந்தக் குழப்பம் வந்ததில்லை. அவனும் நானும் ஓட்டக் கற்றுக்கொண்டதே இதில்தான்.

மார்ச் 6, வியாழன்

எழுதியே தீர வேண்டும். எழுதினால்தான் கை ஸ்பேனர் பிடிக்கும்.

இருபத்தாறு வருஷம் முன்னால், நான்கு சக்கரத்தின் பிரேக்கையும் தனி ஆளாகக் கழற்றி மாட்டினேன். அப்பாவே ஓட்டிப் பார்த்துவிட்டு "பையன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்றார். மறுநாள் நான் வெளியே போயிருந்தேன். முற்றத்தில் நின்ற வண்டி கேட்டை நோக்கிப் பாய்ந்தது. அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள். பம்பருக்கும் தூணுக்கும் நடுவில் அவள் இடுப்பு.

"பிரேக்கை மிதிச்சேன், பிடிக்கலை. நேத்து அவதானே கழட்டினா!" இதுதான் அவன் சொன்னது. அவ்வளவுதான், முடிந்தது. கழற்றிப் பார்க்கிறேன் என்று நான் கெஞ்சினேன். அப்பா என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். வண்டி ஷெட்டுக்குப் போனது. தொழிற்பயிற்சியில் எனக்குக் கிடைத்திருந்த இடமும் போனது. சொந்தக்காரர்கள் எனக்குப் பேர் வைத்தார்கள்: பிரேக்கு. "தையல் மெஷின் ரிப்பேர் பண்ணு பிரேக்கு, அது யாரையும் இடிக்காது."

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சக்கர நாற்காலி வந்த அன்று தள்ளப் போனேன். அம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீ வேணாம்மா. அண்ணி தள்ளட்டும்." சாகும்வரை என்னைத் தள்ளவிடவில்லை.

இவனைச் சும்மா விடமாட்டேன். விடவே மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இடது முன் சக்கரத்தைக் கழற்றினேன். துருவேறி, சுத்தியலுக்கும் அசையாமல், மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கடைசியில் பிரேக் டிரம் "டக்" என்று வந்தது.

நட்டில் என் பின்.

நான் இடது கைக்காரி. நட்டு கழன்றுவிடாமல் போடும் பின்னை எல்லோரும் வலப்பக்கம் மடக்குவார்கள், நான் இடப்பக்கம் மடக்குவேன். அப்பா அதற்காக எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். மடக்கியது மடக்கியபடி இருக்கிறது. உள்ளே ஒரு பொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை. பிரேக் தேய்ந்த தூள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிரேக் ஆயில் கசிந்திருந்தால் அந்தத் தூள் களிம்பாகப் பிடித்திருக்கும். டிரம்மில் உரசி நிறுத்தும் ஷூ சமமாகப் பதிந்திருக்கிறது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா? அழுதேன். பிறகு பின்னைத் துடைத்துப் பட்டன் டப்பாவில் போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இடது பின் சக்கரம். என் பின். காய்ந்த தூள்.

மார்ச் 16, ஞாயிறு

நான்கும் பார்த்தாயிற்று. குழாய்கள், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் பார்த்தாயிற்று. காலம் தின்றது உண்டு. என் வேலை கெட்டது ஓரிடத்திலும் இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னது வடிகட்டின பொய். அவன் பிரேக்கை மிதிக்கவே இல்லை. புதுப் பெண்டாட்டி பார்க்கிறாள் என்று ஏதோ சாகசம் காட்டியிருப்பான்.

மாலையில் அண்ணி வந்தார். மாதம் ஒருமுறை, அவனுக்குத் தெரியாமல், ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு வருவார். அந்த வீட்டில் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாத ஒரே ஆள். அவன் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறானாம். ஏப்ரல் பதின்மூன்று, வீட்டு முற்றத்திலேயே விருந்து. ஆபீஸ் ஆட்கள், சொந்தக்காரர்கள், எல்லோரும். "கட்டாயம் வரணும்" என்றார்.

வருகிறேன் அண்ணி. வண்டியிலேயே வருகிறேன்.

மார்ச் 17, திங்கள்

திட்டம் தயார். அவன் கேட்டருகே நின்று வந்தவர்களை வரவேற்பான். நான் நேரே அவனை நோக்கி ஓட்டிக்கொண்டு போய் அவன் முழங்காலுக்கு முன்னால் நிறுத்துவேன். இறங்கி, பட்டன் டப்பாவை எல்லோர் முன்னாலும் திறப்பேன். அவன் முகத்தில் ஈயாடக் கூடாது. ஆகவே இந்த வண்டி ஓடினால் மட்டும் போதாது. நிற்க வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

ஷூக்களுக்குப் புது லைனிங் ஒட்டி வந்துவிட்டது. சிலிண்டர்களை லேத்காரர் உள்ளே கடைந்து சரிசெய்து கொடுத்தார். ரப்பர் குழாய் இன்னும் வரவில்லை.

டிரம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை. ஒரே ஒரு நட்டை முடுக்காமல் விட்டு, சாவியை அவன் கையில் கொடுத்து, "நீயே ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்றால்? எவ்வளவு சுலபம். அரை மணி நேரம் அதை அனுபவித்தேன். அப்புறம் நட்டை முடுக்கினேன். அவனுக்காக இல்லை. நான் கை வைத்த பிரேக் பிடிக்காமல் போனால் அவன் சொன்னது உண்மையாகிவிடும்.

ஆனால் எழுதியதை அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

ஏப்ரல் 5, சனி

குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது.

பக்கத்துக் கடைத் தையல்காரியைக் கூப்பிட்டேன். முதல் மிதியே நடுவில். "வலது ஓரம்டி, வலது ஓரம்!" பிறகு நாலு தடவை சரியாக மிதித்தாள். ஐந்தாவதில், "காலு மரத்துப் போச்சுக்கா, நாள் முழுக்க மெஷினைத்தானே மிதிக்கிறேன், இங்கயுமா?" என்று காலை எடுத்துவிட்டாள். சர்ரென்று காற்று உள்ளே போய்விட்டது. முதலிலிருந்து.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணி வந்தார். உதவி கேட்டேன். தயங்கினார். "நான் இதுல ஏறினதே இல்லையே" என்றார். வெறுமனே மிதிக்க வேண்டியதுதான் என்று சொல்லி உட்கார வைத்தேன். எஞ்சினை அணைத்துத்தான் வைத்திருந்தேன், பயப்பட ஒன்றுமில்லை.

நான் பின் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டேன். "மிதிங்க அண்ணி." திருகைத் திறந்தேன். குமிழியும் ஆயிலுமாக பாட்டிலில் இறங்கியது. "பிடிச்சுக்கோங்க." மூடினேன். "விடுங்க." அடடா, தையல்காரியைவிட எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டு மறுபடி, "மிதிங்க. பிடிங்க."

அப்போதுதான் உறைத்தது. எது பிரேக் என்று நான் சொல்லவே இல்லை.

லாரிக்காரர் நடுவில் என்றார். தையல்காரி நடுவில் மிதித்தாள். இந்த வண்டியில் ஏறினதே இல்லை என்கிற அண்ணியின் கால் மட்டும் குனிந்துகூடப் பார்க்காமல் வலது ஓரத்துக்குப் போயிருக்கிறது.

"அண்ணி, பிரேக் எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அண்ணி காலை எடுக்கவில்லை. நான் "பிடிங்க" என்றுதானே சொல்லியிருந்தேன்.

"அன்னைக்கு..." என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவைதான் தப்பா மிதிச்சேன்" என்றார் மேலேயிருந்து. "அதுக்கப்புறம் கனவுலகூடச் சரியாத்தான் மிதிக்கிறேன்."

பிறகு எல்லாம் வந்தது. கல்யாணமாகி மூன்றாவது மாதம். பயிற்சிப் பள்ளியில் ஓட்டக் கற்றவர். ஓட்டிப் பார் என்று உட்கார வைத்தது அவன். பெடல் மாறியிருக்கும் என்று சொல்ல மறந்ததும் அவன். நடுவில் மிதித்தார், வண்டி பாய்ந்தது, பயத்தில் இன்னும் அழுத்தினார்.

"நான் சொல்லிடறேன்னுதான் சொன்னேன். அவருதான் விடலை. 'அவ இந்த வீட்டுப் பொண்ணு, நாலு நாள்ல மறந்துடுவாங்க. நீ வந்தவ, உன்னை விடவே மாட்டாங்க'ன்னார். மீறிச் சொன்னா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புன்னார். அதுக்கப்புறம் ஒவ்வொரு சண்டையிலயும் 'உன்னைக் காப்பாத்தினது யாரு'ன்னு கேப்பார். நான் வாயை மூடிக்குவேன். இன்னைவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை."

வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தேன். முகத்தில் ஆயில் சொட்டியது.

"விடுங்க" என்றேன். விட்டார்.

நான்கு சக்கரத்தையும் முடித்தோம். மிதிங்க, பிடிங்க, விடுங்க.

ஏப்ரல் 7, திங்கள்

அந்தச் சக்கர நாற்காலியை எத்தனை வருஷம் தள்ளினார். என் கையிலிருந்து வாங்கித் தள்ளினார்! நல்லவங்கன்னு நெனச்சேனே. ஒரு வார்த்தை... அம்மா காதுல மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 9, புதன்

அண்ணி போன். "விருந்துல நான் சொல்லிடறேன்" என்றார்.

"வேணாம். நான் சொல்றேன். இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன், அதையும் நீங்க பிடுங்கிக்காதீங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

காலையில் கடைத்தெருவைச் சுற்றி ஓட்டினேன். இறக்கத்தில் மிதித்தேன். இழுக்காமல், கோணாமல், சொன்ன இடத்தில் நின்றது. பெடல் கல் மாதிரி. அப்பா இருந்திருந்தால்... வேண்டாம், அவரையும் மன்னிக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

போனேன். அவன் கேட்டருகே கோட்டுப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். வண்டியைக் கண்டதும் பேயறைந்த மாதிரி ஆனான். நேரே அவனை நோக்கி வந்தேன். ஆபீஸ் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே எம்பாக எம்பித் தூணுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான். நான் மிதித்தேன். அவன் நின்றிருந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

அசடு வழிய வெளியே வந்தான். முற்றத்தில் சித்தப்பா உரக்கச் சொன்னார்: "பிரேக்கு வந்துட்டாடா, எல்லாரும் ஒதுங்குங்க!" ஒரே சிரிப்பு. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாயைத் திறந்தேன்.

"அந்தப் பேரு எனக்கு வரவேண்டியது, சின்ன மாமா."

அண்ணி. படிக்கட்டில் கையில் தண்ணீர்த் தட்டோடு.

"அன்னைக்கு வண்டியில இருந்தது நான்தான். பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சேன். அவ வேலையில ஒரு குறையும் இல்லை. இவருக்கும் அது தெரியும்."

சிரிப்பு பாதியில் செத்தது. அவன், "இப்ப எதுக்கு இதெல்லாம், உள்ள போ" என்றான்.

"ஆமான்னு சொல்லு" என்றேன் நான்.

சித்தப்பாவைப் பார்த்தான். ஆபீஸ் ஆட்களைப் பார்த்தான். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "ஆமா" என்றான்.

சாப்பிடாமல் திரும்பிவிட்டேன். டப்பாவைத் திறக்கவே இல்லை. எத்தனை தடவை ஒத்திகை பார்த்த பேச்சு, எல்லாம் தொண்டையிலேயே. சந்தோஷமாக இருக்க வேண்டாமா? மனம் ஆறவில்லை. "நீ வேணாம்மா" என்று சொன்ன அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 20, ஞாயிறு

கடைக்கு வந்தான். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை. "நடந்தது நடந்துபோச்சு. இப்ப நான் என்ன செய்யணுங்கறே?"

"கேட்டை மூடித் தாழ்ப்பாள் போடு."

"என்னது?"

"நாங்க வண்டியில முற்றத்துக்கு வருவோம். நீ போய்த் தாழ்ப்பாள் போடு. முதுகைக் காட்டிக்கிட்டு. அம்மா நின்ன இடத்துல."

"யார் ஓட்டறது?"

மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணிக்கு மைதானத்தில் பாடம். இன்னும் கோபம்தான். பேச்சு "மிதிங்க, விடுங்க" அளவில்தான். முதல் பத்து நிமிஷம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மே 4, ஞாயிறு

வண்டி முற்றத்தில், கேட்டைப் பார்த்து. அண்ணி ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். அவன் கேட்டை மூடிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். தாழ்ப்பாளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அண்ணி கிளப்பினார். சத்தம் கேட்டதும் அவன் தோள்கள் காதுவரை ஏறின. ஆனால் ஓடவில்லை. இனி எப்படி ஓடுவான்? ஓடினால் என் பிரேக்குக்குப் பயந்தா, பெண்டாட்டி காலுக்குப் பயந்தா என்று சொல்ல வேண்டுமே.

வந்தோம். அண்ணியின் கால் வலது ஓரத்துக்குப் போனது. வண்டி நின்றது.

"நின்னுடுச்சா?" என்றான், திரும்பாமலே.

அவன் பிடரியில் வியர்வை இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம் அண்ணி" என்றேன் மெதுவாக.

அவர் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அடுத்த வாரம்" என்றார்.