காப்பிக்கு முன்னால் நின்றுபோன பதிவு

பிப்ரவரி 9, திங்கள்

நான் சொன்னதை எடுத்து, நான் சொல்லாததற்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள். நடந்த அநியாயம் இதுதான்.

அறிக்கை இன்று தபாலில் வந்தது. போன இலையுதிர் காலத்தில் தில்டே என்ற ஆராய்ச்சிப் பெண் கரையோர நகரத்திலிருந்து வடகோடியில் இருக்கும் எங்கள் சிற்றூருக்கு வந்து, ஊரில் வயதானவர்கள் வீடுகளிலெல்லாம் உட்கார்ந்து, பேச்சைப் பதிவு செய்துகொண்டு போனாள். புதன்கிழமைகளில் பழைய பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் வருவது எங்களுக்கு எவ்வளவு தேவை என்று கேட்டாள். அறிக்கையில் ‘தன்னிறைவும் திருப்தியும்’ என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் முதல் மேற்கோள்: “எங்க பாட்டை நாங்க பாத்துக்குவோம். — பெண், 79.”

அந்தப் பெண் நான்.

இதைக் காட்டித்தான் சுகாதார வாரியம் புதன்கிழமை நர்ஸை நிறுத்தப் போகிறது. இனிமேல் நர்ஸோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டுமாம். ஏப்ரல் கடைசியில் கூட்டம் கூடி முடிவெடுக்கிறார்கள்.

அப்படிச் சொன்னேனா? சொன்னேன். அதுதான் எரிகிறது.

பிப்ரவரி 11, புதன்

பள்ளிக்கூடத்தில் நர்ஸைப் பார்க்க எங்கள் ஊர் ஹில்மெர் கடைசி ஆளாகக் காத்திருந்தான். எப்போதும் அவன் கடைசிதான். எல்லோரும் போன பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். சர்க்கரை இருக்கிறது. இடது கால் பூட்ஸ் வலதைவிட ஓர் அளவு பெரியது. கேட்டால், “கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்” என்பான்.

நர்ஸ் வரவில்லையென்றால் அந்தக் காலை யார் பார்ப்பார்கள்? கைப்பேசியா?

பிப்ரவரி 13, வெள்ளி

தில்டேக்கு ஃபோன் செய்தேன். நான் பேசியது முழுவதும் எழுத்தில் வேண்டும் என்றேன்.

“தாராளமா, யோர்டிஸ். உங்க பேச்சு, உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா மத்தவங்களோடது கேக்காதீங்க.”

“மத்தவங்களோடதை நான் ஏன் கேக்கப் போறேன்?” என்றேன். கேட்கத்தான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

போன வாரம் நூலக வண்டியில் வந்த பெண்ணிடம், மனிதர்கள் பேசியதை வைத்து எப்படி ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று சொல்லும் புத்தகம் கேட்டேன். “உங்களுக்கா?” என்றாள். “இல்ல, என் பூனைக்கு” என்றேன். கொண்டுவந்துவிட்டாள்.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். தபால் பேருந்து ஓட்டிக்கொண்டே, நிறுத்தங்களில் படித்துத்தான் மற்றதெல்லாம். இந்தப் புத்தகமும் படிக்க முடிகிறது, மெதுவாக.

இந்த வகை ஆராய்ச்சியில் எண்ணிக்கை கிடையாது. எத்தனை பேர் சொன்னார்கள் என்பது பெரிதில்லை. என்ன சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்பதுதான். பேச்சைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைக்கிறார்கள். ஒத்த பெயர்களைச் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டுக்கு ஒரு தலைப்பு. தபால் பிரிப்பது போலத்தான். ஒரே வித்தியாசம், கடிதத்தில் முகவரி இல்லை. பிரிப்பவரே எழுதிக்கொள்கிறார்.

அப்படியானால் இரண்டு பேர் பிரித்தால் இரண்டு ஊருக்குப் போகுமா? போகுமாம். புத்தகமே சொல்கிறது. அதனால் இரண்டு பேர் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துச் சண்டை போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சண்டை என்ற சொல் அதில் இல்லை. நான் அப்படிப் புரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

என் பேச்சு வந்துவிட்டது. தன் பேச்சைத் தானே படிப்பது விசித்திரம். இவ்வளவு “ம்” சொல்கிறேனா?

“எங்க பாட்டை நாங்க பாத்துக்குவோம்” என்பதற்குப் பிறகு அடைப்புக்குள் ‘சிரிப்பு’ என்று இருக்கிறது. சிரித்திருக்கிறேன். எதற்கு? அவள் முகத்தில் ஒரு கவலை தெரிந்தது, வழியெல்லாம் பனியில் ஓட்டி வந்திருந்தாள், அந்தக் கவலையைப் போக்கச் சிரித்தேன். அதை எங்கே எழுதுவது? சிரிப்பு எழுத்தில் வந்துவிட்டது. சிரித்த காரணம் வரவில்லை.

துண்டு துண்டாக வெட்டிச் சமையலறை மேஜையில் பரப்பினேன். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு வைத்தேன்: ‘கைவிட்டார்கள்’. வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சில துண்டுகள் அதில் உட்காரவே இல்லை. இருந்தாலும் வைத்தேன்.

மார்ச் 2, திங்கள்

மற்றவர்களுடையதை நான் கேட்கக் கூடாது. ஆனால் அவரவர் அவரவருடையதைக் கேட்கலாம் அல்லவா?

மார்ச் 15, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஓசியான், ஹில்மெர், அவன் மனைவி குட்ருன், மூன்று பேரும் தில்டேயிடம் கேட்டு வாங்கிய தங்கள் பேச்சுத் தாள்களோடு என் வீட்டுக்கு வந்தார்கள். மனமிருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓசியான் ஒரு நொடி பொறுக்கவில்லை, எழுந்து நின்று படித்தான்.

“‘எனக்கு ஒரு குறையும் இல்ல, உடம்பு குதிரை மாதிரி இருக்கு.’”

“எந்தக் குதிரை?” என்றாள் குட்ருன். “சாயங்காலம் ரெண்டு படி ஏற மூச்சு வாங்குற குதிரையா?”

“அந்தப் பொண்ணு அப்பதான் கோட்டைக் கழட்டி மாட்டிட்டு உக்காந்திருக்கு. வந்ததும் வராததுமா மூச்சு வாங்குறதைப் பத்திச் சொல்லச் சொல்றியா? ஸ்டாக்ஹோம்ல இருந்து மந்திரியே வந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்.”

“மந்திரி வந்தா கழுதைன்னு சொல்லிருப்ப” என்றான் ஹில்மெர். அவன் தன் தாள்களை நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தான். எடுக்கவில்லை.

தாள்களில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்திருக்கிறோம். ஊரே நன்றாக இருந்திருக்கிறது. நான் அடுப்பிலிருந்து காப்பியை இறக்கிக் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தபோது, குட்ருன் தன் கடைசித் தாளைப் பார்த்து, “இதென்ன, கோப்பைச் சத்தம்னு போட்டிருக்கு?” என்றாள்.

ஓசியான் தன்னுடையதைத் திருப்பினான். அதிலும். என்னுடையதிலும். ஹில்மெர் வேறு வழியில்லாமல் பையிலிருந்து எடுத்துக் கடைசித் தாளை மட்டும் பிரித்தான். எல்லாமே ஒரே மாதிரி முடிகின்றன: ‘கோப்பைச் சத்தம். பதிவு நிறுத்தப்பட்டது.’

நான் ஊற்றினேன்.

இந்த ஊரில் எந்த வீட்டிலாவது காப்பிக்கு முன்னால் யாராவது எதையாவது சொல்லியிருக்கிறார்களா? முதல் கோப்பை விருந்தாளிக்கு. இரண்டாவது கோப்பையில்தான் பேச்சு தொடங்கும். உண்மையான விஷயம் அப்போதும் வராது. தொப்பியைப் போட்டுக்கொண்டு, கதவுப் பிடியில் கையை வைத்தபிறகு வரும். என் வீட்டு வாசலில் நான் அவளிடம் ஹில்மெர் காலைப் பற்றியே சொன்னேன். கோப்பை வைக்கிற சத்தத்தில் பேச்சு கேட்காமல் போகும் என்று பொத்தானை அணைத்துவிட்டு, எங்கள் மரியாதையை மட்டும் கொண்டுபோயிருக்கிறாள்.

மார்ச் 16, திங்கள்

ஃபோன் செய்தேன். நேராகக் கேட்டேன்: “காப்பி நேரத்துல நாங்க சொன்னது உன் காதுல விழலையா?”

“விழுந்துது. எல்லாம் ஞாபகம் இருக்கு” என்றாள். “ஆனா பதிவை அணைச்ச பிறகு சொன்னதை நான் எடுக்கக் கூடாது, யோர்டிஸ். அது நீங்க ஆராய்ச்சிக்குக் குடுத்த பேச்சு இல்ல. என்கிட்ட மனசு விட்டுச் சொன்னது. அதைத் தூக்கி அறிக்கையில போட்டா, அப்புறம் யாரு யாரை நம்புவா?”

“அதுக்காக எங்களைத் திருப்தியா இருக்காங்கன்னு எழுதுவியா?”

“அது தப்பு” என்றாள். “கையில இருந்ததை வச்சு எழுதினேன். கையில இல்லாதது எவ்வளவுன்னு எழுதாம விட்டேன்.”

மார்ச் 17, செவ்வாய்

அவளை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பது வசதியாக இருந்தது.

ஏப்ரல் 8, புதன்

தில்டே வந்தாள். தன் தலைமைப் பேராசிரியரோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கி வந்திருக்கிறாள். இந்த முறை பதிவு கடைசி வரை ஓடும், அணைக்கச் சொன்னால்தான் அணைப்பேன் என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். ஹில்மெர் அவளைத் தன் வீட்டில் வேண்டாம் என்று, பள்ளிக்கூடத்தில் நர்ஸைப் பார்த்த கையோடு நேராக என் சமையலறைக்கு வந்தான்.

முதல் கோப்பை. “நல்லா இருக்கேன்.” இரண்டாவது கோப்பை. எங்கள் ஊர் வழக்கப்படி காப்பியில் ஊறிய பாலாடைக்கட்டியைக் கரண்டியால் எடுத்துத் தின்றபடி, மான் வேட்டையைப் பற்றிப் பேசினான். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று தில்டே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

எழுந்தான். தொப்பியைப் போட்டான். கதவுப் பிடியில் கை.

“அது ஓடிட்டு இருக்கா?”

“ஓடுது” என்றாள் தில்டே. “அணைக்கவா?”

நான் வேறு பக்கம் பார்த்தேன். அணைத்துவிட்டால் எல்லாம் போச்சு. அவள் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என்னால் அப்படி முடியாது.

“இருக்கட்டும்” என்றான்.

பிறகு கதவைப் பார்த்தபடியே சொன்னான். “கால்ல புண்ணு. ஒரு வருஷமா ஆறல. அந்த ஃபோன்ல காட்டணும்னா யாராவது அதைப் பிடிக்கணும். குட்ருன்தான் பிடிக்கணும். அவ இதைப் பாத்ததில்ல. பாக்கவும் வேணாம். அவ அப்பாவுக்குக் காலை எடுத்தாங்க. புதன்கிழமைன்னு ஒண்ணு இருக்கு, அங்க கதவு இருக்கு, சாத்திக்கலாம். அவ்வளவுதான்.”

போய்விட்டான்.

ஏப்ரல் 10, வெள்ளி

தில்டே இரண்டு நாள் இங்கேயே தங்கினாள். ஹில்மெர், ஓசியான், குட்ருன் மூவரும் அனுமதித்ததால் புதிய தாள்களை நாங்கள் இருவரும் தனித்தனியாகப் பிரித்தோம். புத்தகம் சொன்னபடி சண்டையும் போட்டோம்.

“‘கைவிட்டார்கள்’னு எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டா, நான் செஞ்சதையேதான் நீங்களும் செய்றீங்க.”

“நீ செஞ்சது பொய். இது நிஜம்.”

“சரி. ஹில்மெர் சொன்னதுல எந்த வரியில கைவிட்டாங்கன்னு இருக்கு? காட்டுங்க.”

தேடினேன். இல்லை. ஓசியானுடையதில் தேடினேன். அவன் நர்ஸிடம் போவது, தூக்கமில்லை என்பதை மகளுக்குத் தெரியாமல் சொல்ல. வீட்டில் காட்ட முடியாததைக் காட்டுவதற்கு ஓர் இடம். இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இவர்களோடு வாழ்நாளெல்லாம் இருந்தும் நான் பார்க்கவில்லை. நான் கோபத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

‘வீட்டில் காட்டாதது’ என்று தலைப்பு வைத்தாள். என் தலைப்பை நான் விடவில்லை. “அப்ப அடிக்குறிப்புல போடுறேன்” என்று எழுதினாள்: ‘பங்கேற்பாளர் ஒருவர் இந்தத் தலைப்பை ஏற்கவில்லை.’ அறிக்கையிலேயே பிழையில்லாத வரி அது.

ஏப்ரல் 18, சனி

புதன்கிழமை ஹில்மெரின் புண் கறுக்கத் தொடங்கியதைப் பார்த்த நர்ஸ் அவனை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். ஒரு கால்விரல் போய்விட்டது. கால் இருக்கிறது.

ஏப்ரல் 29, புதன்

வாரியம் கூடியது. திருத்திய அறிக்கையைப் படித்தார்களாம். புதன்கிழமை தொடரும், ஒரு வருடத்துக்கு. அதன்பின் மறுபடி பார்ப்பார்களாம். நன்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மே 6, புதன்

குட்ருன் வந்தாள். இரண்டு கோப்பை குடித்தாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: “அவன் காலுறையை நான்தானே துவைக்கிறேன், யோர்டிஸ். ஒரு வருஷமா எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாத்தான் அவன் நிமிந்து நடக்குறான்.”

மேஜைமேல் எந்தக் கருவியும் ஓடவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

வாரியம்: ஒரு வருடம் என்பதை எடுத்துவிட்டு, எப்போதும் என்று எழுத வேண்டும். எழுதும்வரை மாதம் ஒரு முறை நான் ஃபோன் செய்வேன்.

தில்டே: பழைய அறிக்கை இன்னும் இணையத்தில் கிடக்கிறது. நீக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போகிறவர்களுக்கு, கோப்பைச் சத்தத்தோடு எழுத்தாக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஓசியான்: குதிரைப் பேச்சை விட்டுவிட்டு இருதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஹில்மெர்: புதன்கிழமைதோறும் போக வேண்டும். கடைசி ஆளாகவே போகட்டும்.

குட்ருன்: அவனைக் காரில் கொண்டுபோய் விட்டு, வெளியிலேயே காத்திருக்க வேண்டும்.

நான்: இன்று வாசலில் கேட்டதை எந்தத் தலைப்பின் கீழும் வைக்கக் கூடாது.