உண்ணிக்குப் பயப்படுவதா, மருந்துக்குப் பயப்படுவதா

அன்புள்ள செல்லத்துக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் மாமாவும் எழுந்து உட்கார்ந்து தன் கையாலேயே சாப்பிடும் அளவுக்கு நலம். அடுத்த மாதம் நீங்கள் இரண்டு பேரும் காட்டுப் பாதையில் நடக்கப் போகிறீர்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

நீ சொன்ன மறுநாளே நம் கண்ணாடிக் கடைக்கு ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யக் கொண்டுவந்தார், மலையேறுகிறவர். பிரேமில் மெழுகை அழுத்தின மாதிரி விரல் ரேகை பதிந்து கிடந்தது. இத்தனை வருஷத்தில் மிதித்த கண்ணாடி, நாய் கடித்த கண்ணாடி எல்லாம் பார்த்தாயிற்று, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பூச்சி விரட்டும் மருந்தைத் தடவின கையோடு கழற்றினாராம், பிளாஸ்டிக் இளகிவிட்டதாம். அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார், எனக்கு உன் நினைப்புதான் வந்தது. பிளாஸ்டிக்கையே இளக்குகிற சாமானைப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் உடம்பில் பூசலாமா? தொடவே தொடாதே என்று உனக்கு எழுத அன்றைக்கே தாள் எடுத்து வைத்தேன்.

அதற்குள் மாமா படுத்துவிட்டார். அவருக்குத்தான் மருந்து வாடையே ஆகாதே, ஏதோ வாசனை எண்ணெயைத் தடவிக்கொண்டு நடைக்குழுவோடு காட்டுக்குப் போய்வந்தார். கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்து, தலையைத் தூக்க முடியாமல், என்னையே யார் என்று கேட்டுவிட்டார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தம்பி போய்விடுவான் என்றே நினைத்துவிட்டாள். டாக்டரம்மாதான் முழங்காலுக்குப் பின்னால் கறுத்துக் காய்ந்திருந்த கடியைக் கண்டுபிடித்தார். உண்ணியாம். எள்ளளவு பூச்சி, அத்தனை பெரிய ஆளைச் சாய்த்துவிட்டது. சரியான மருந்து உள்ளே போனபிறகு காய்ச்சல் மெல்ல இறங்கியது.

அப்போதே உன் விஷயத்தையும் கண்ணாடி விஷயத்தையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். “பிளாஸ்டிக் வேற, தோல் வேறங்க. அளவா தடவினா மருந்தால ஆபத்து கம்மி. இந்தக் காய்ச்சல் வந்தா தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து” என்றார். துணி மூடாத இடத்தில் மட்டும் தடவ வேண்டுமாம், புண்ணிலும் கண்ணருகிலும் படக்கூடாதாம், திரும்பி வந்ததும் கழுவ வேண்டுமாம். அப்பாடா என்று எழுந்தால், எதற்கும் உன் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார். அந்த ‘எதற்கும்’தான் என்னை மறுபடி உட்கார வைத்துவிட்டது. மருந்துக்கடைக்காரரோ பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாத வேறு வகையும் இருக்கிறது என்று இன்னொரு பாட்டிலை நீட்டினார். எது நல்லது என்றால் இரண்டும் நல்லதுதான் என்கிறார். இரண்டையும் வாங்கிவந்து, ஒரு கையில் ஒன்றைத் தடவி, மறு கையைச் சும்மா விட்டு, சாயங்காலம் பூங்கா பெஞ்சில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொசு என் இரண்டு கையையும் விட்டுவிட்டு, என்னைக் கூப்பிட வந்த உன் அம்மாவைக் கடித்தது. அன்று ராத்திரி எனக்குக் கிடைத்த மரியாதையை எழுதப் போவதில்லை.

அவள் சொல்வது ஒன்றுதான், போகவே வேண்டாம் என்று எழுதுங்கள் என்கிறாள். நானும் எழுதினேன், எழுதி அடித்துவிட்டேன். வாந்தி ஆரம்பித்ததிலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்த உன் குரல், அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லும்போதுதான் பழையபடி கேட்டது. அதை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, மருந்துக்கடைக்காரரும் சொல்லவில்லை.

உன் டாக்டரைக் கேட்டுவிட்டு நீயே முடிவு செய், செய்ததை எனக்கு முதலில் சொல், அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். போனால் முழுக்கால் உடுப்பு போடு, காலுறைக்குள் அதைச் செருகிக்கொள், வந்ததும் முதுகையும் முடியோரத்தையும் மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இன்னும் ஒரு முடிவுக்கும் வராத,
உன் அப்பா