டிரோனுக்கு வைத்த பொட்டு

சிரித்தே எல்லாக் காரியத்தையும் சாதித்துக்கொள்ளும் என் வீட்டுக்காரருக்கு,

முதலில் நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. சூளகிரியில் வெறும் சுவராக நின்றதற்கு இப்போது மேலே ஒரு தளம் இருக்கிறது. "வருஷம் திரும்பட்டும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றுதான் உங்கள் அம்மா சொன்னார். வாங்கி அடுக்கிய கம்பி மழையில் நனைந்து துருப்பிடிப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? "உங்க பையன் பாத்துப் பாத்து வாங்கிப் போட்ட கம்பிங்க அத்தை" என்றேன். "மேஸ்திரிய வரச் சொல்லு" என்றுவிட்டார்.

அடுத்த செய்தியைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. உங்கள் டிரோனை நான் கெடுத்துவிட்டேன். இருங்கள், பதறாதீர்கள், சரியாகிவிட்டது. எப்படிக் கெடுத்தேன் என்பதை வேறு யாராவது வத்தி வைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறானால் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு சூளகிரிக்கு வருவீர்கள். என்னை மனையில் விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் அதோடு கொஞ்சிக்கொண்டிருப்பீர்கள். அதற்குச் சக்களத்தி என்று நான் பெயர் வைத்ததில் தப்பே இல்லை. அஸ்திவாரத்துக்கு ஒரு படம், பேஸ்மட்டத்துக்கு ஒரு படம், நிலை வைத்ததற்கு ஒன்று, லிண்டலுக்கு ஒன்று. "கான்கிரீட் அன்னிக்கி எடுக்கறதுதான் மேடம் மெயின் படம்" என்பீர்கள். ஆவணியில், கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள்.

கான்கிரீட் என்பது ஒரு நாள் வேலை. அந்த நாளைத் தவறவிட்டால் அந்தப் படம் பிறகு எந்தக் காலத்திலும் கிடைக்காது. வேறு எதை விட்டாலும் அதை மட்டும் விடக் கூடாது என்று எனக்கு ஏன் அப்படி ஒரு பிடிவாதம் வந்தது?

நடுவில் ஆயுத பூஜை வந்தது. துக்க வீட்டில் பண்டிகை கிடையாது. ஆனால் என் கம்பெனியில் பூஜை முடிந்து எல்லோருக்கும் கொடுத்த பையை எனக்கும் கொடுத்தார்கள். பொரி, கடலை, ஒரு ஆப்பிள், சின்னப் பொட்டலத்தில் சந்தனமும் குங்குமமும். அதை நெற்றியில் வைத்துக்கொள்ள எனக்கு ஆகாது என்றாகிவிட்டது. அத்தை பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, பீரோவிலிருந்து டிரோனை எடுத்து நாலு கைக்கும் பொட்டு வைத்தேன். முகம் மாதிரி இருக்கிறதே என்று கேமராவுக்குக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்து வைத்தேன். நீங்கள் பைக்கிலிருந்து மிக்சி வரைக்கும் பொட்டு வைப்பீர்கள், இதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு பூவை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். ஏன் என்று ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கலாம்.

தை பிறந்து மேஸ்திரி நாள் சொன்னதும் டிரோனை எடுத்து ஆன் செய்தேன். அந்தக் கேமரா எப்போதும் தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக நிற்குமே, அது நடக்கவில்லை. கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது. போனில் சிவப்பு எழுத்தில் கிம்பல் மோட்டார் என்று என்னவோ வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பாகலூர் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் உங்கள் கூட்டாளி சாதிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். "என்ன தங்கச்சி, லாரிக்குப் பூஜ போட்ட மாதிரி போட்டு வெச்சிருக்க!" என்றவர், என் வெறும் நெற்றியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"டிரோன் எப்பிடி ஆடுனாலும் கேமராவ ஆடாமப் புடிச்சிக்கற கைதான் இந்தக் கிம்பல். உள்ள குட்டிக் குட்டி மோட்டாரு. சந்தனம் காஞ்சு அதுல கல்லாட்டம் ஒட்டிக்கிச்சு, திரும்ப முடியாம தவிக்குது" என்றார். காது குடையும் பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். மெல்லிய பிரஷ்ஷால் குங்குமத்தைத் தட்டி எடுத்தார். பிறகு மட்டம் சரி பார்க்க வேண்டும், அதற்கு டிரோன் அசையாமல் இருக்க வேண்டுமாம். லாரி போகும்போதெல்லாம் அவர் கடை மேஜை அதிர்ந்தது. பக்கத்து கிரானைட் கடையில் கேட்டு, ஒரு கல் பலகை மேல் வைத்துச் சரி செய்தோம். கேமரா நடுக்கத்தை விட்டு நேராக நின்றதும் எனக்கு உயிரே வந்தது.

அத்தோடு முடிந்ததா? பீரோவில் டிரோனோடு இருந்த பேட்டரி இரண்டும் அப்பளமாக உப்பியிருந்தன. வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டையும் முழுசாகச் சார்ஜ் போட்டு வைத்தேனே என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது புள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரி இல்ல தங்கச்சி. சும்மா கெடக்கறப்ப பாதி சார்ஜ்தான் இதுக்கு நல்லது. எப்பவும் நெறச்சே வெச்சா வீங்கிரும். இனிமே இத தொடாத, தீப்புடிச்சிக்கும்." இரண்டையும் மணல் வாளியில் போட்டுவிட்டார். உங்கள் பொருளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் இத்தனை நாள் செய்தது இதுதான்.

இன்னொன்று இருக்குமே என்று அவர் கேட்டதும் வீட்டுக்கு ஓடித் தேடினேன்; அந்த மூன்றாவது பேட்டரி உங்கள் சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் கிடந்தது. அந்தப் பையைத் திறக்க எனக்கு அதுவரை மனசு வராததால் அது என் கையில் சிக்காமல் தப்பித்திருந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சார்ஜ் இருந்தது. நல்ல நிலைமையில் இருக்கிறது என்றார் அண்ணன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன். "அண்ணே, இதுக்கு முன்னாடியே கேமரா கோணல்தான். பாருங்க, எல்லாப் படத்துலயும் வீடு ஒரு மூலைக்கிப் போயிருது." நீங்கள் எடுத்த படங்களைப் போனில் ஓட்டிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக முழுசும் பார்த்தார்.

"கேமராவுல ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி. நடுவுல நிக்கறது யாருன்னு பாரு" என்றார்.

நான். அஸ்திவாரப் படத்தில் டீ குடிக்கிறேன். பேஸ்மட்டத்தில் மேஸ்திரியோடு சண்டை போடுகிறேன். நிலை வைத்த அன்றைக்குச் செருப்புச் சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நான் நடந்தால் கேமராவும் கூடவே வருகிறது, நான் நின்றால் அதுவும் நிற்கிறது. வீடுதான் ஓரமாக வந்துவிட்டுப் போகிறது. சாதிக் அண்ணன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டே இருந்தேன். ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கொஞ்சம் நல்ல புடவையாவது கட்டிக்கொண்டு வந்திருப்பேனே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கலவை மெஷின் வந்துவிட்டது. மேஸ்திரி தன் ஆட்களைக் கன்னடத்தில் "பேகா, பேகா" என்று விரட்டிக்கொண்டிருந்தார். இருப்பது ஒரே பேட்டரி, அதை முதல் நாள் ராத்திரிதான் முழுசாகச் சார்ஜ் போட்டிருந்தேன். "காத்துல வட்டம் போட்டா சீக்கிரம் தீந்துரும். நேரா ஏத்து, எடு, எறக்கு" என்றார் கூட வந்திருந்த சாதிக் அண்ணன். தானே ஓட்டுவதாகவும் சொன்னார். எந்தக் குச்சியை எப்படித் தள்ளுவது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், ரிமோட்டை நான் கொடுக்கவில்லை. நீங்கள் நின்ற இடத்தில், தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று மேலே ஏற்றினேன். டிரோன் காற்றில் ஆடியதே தவிர கேமரா நடுங்கவில்லை. கம்பி வலை, சாரத்தில் கைமாறிப் போகும் பாண்டுச் சட்டி, பரவும் கலவை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. வீடு சரியாக நடுவில் இருந்தது.

ஆனால் அது நீங்கள் எடுத்த படம் மாதிரி இல்லை. அந்த வரிசையில் சேரவே சேராது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பேட்டரி பாதிக்கு இறங்கியிருந்தது.

"அண்ணே, இதப் புடிங்க" என்று ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். மணல் குவியலுக்குப் பக்கத்தில், நான் எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். டிரோன் மெதுவாக என் பக்கம் திரும்பியது. அது எடுக்கும் படத்தில் குரல் பதியாது. மெஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்காது. அதனால் ஆவணியிலிருந்து உங்களிடம் சொல்ல வேண்டியிருந்ததையெல்லாம், திட்ட வேண்டியது உட்பட, பேட்டரி தீரும்வரை வாய்விட்டுச் சொன்னேன்.

பால் காய்ச்சும் அன்றைக்கும் அதே இடத்தில் வந்து நிற்பேன். இது சத்தியம். வீடு எந்த மூலைக்குப் போனாலும் போகட்டும்.

உங்கள் வீட்டுக்காரி,
சாந்தி