நடு உத்திரத்தின் மேல் ஒரு பூ

ஆச்சின் ஸ்ட்ரீட் மேல்மாடி,
பினாங்கு.
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

கண்ணியமிக்க மச்சான் அவர்களின் சமுகத்துக்கு நூர் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். லங்காவியில் உங்கள் சுகத்தையும் முழங்கால் வலியையும் அறிய ஆவல். இதைத் தொங்கான் படகுக்காரர் அலாவுதீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை மாலை உங்களிடம் சேர்த்துவிடுவாராம். கடிதத்துக்காகக் கீழே அஞ்சடித் தாழ்வாரத்தில் காத்திருக்கிறார்.

நீங்கள் கேட்க ஆசைப்படும் செய்தி முதலில். வெள்ளை ஆர்க்கிட் விரிந்துவிட்டது. கைப்பிள்ளையின் சப்பாத்து அளவுக்கு ஒரு உதடு, பால் வெள்ளை, இதழடியில் ஊதாப் பொட்டுகள். இதற்கா இந்த மனுஷர் மலை மலையாக ஏறுகிறார் என்று இத்தனை நாள் முணுமுணுத்தவள்தான் நான். நேற்றுக் காலை பார்த்தபடியே நின்றுவிட்டேன். அடுப்பில் மீன் கருகிவிட்டது.

நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் நடக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். மொட்டு வைத்த செடியை ஒரு விரற்கடைகூடத் திருப்பவில்லை. போன வருஷம் கூட்டுவதற்காக ஒரு தொட்டியைத் திருப்பி வைத்தேன், மொட்டெல்லாம் உதிர்ந்தது. என் கையால் சாப்பிடமாட்டேன் என்று ஒரு வாரம் நீங்கள் தெருவில் நாசி கண்டார் சோறு தின்றீர்கள். அது எனக்கு மறக்குமா?

இனித் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்மலையில் பிறந்த செடி கல் இல்லாமல் பூக்காது என்று கூடை கூடையாகச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுவந்து நடு அறையில் அடுக்கினீர்கள். சுற்றிலும் செங்கல் துண்டும் கரியும் நிறைந்த தொட்டிகள். வருஷக் கணக்காக அத்தனையும் நனைந்துகொண்டே இருக்கிறது. நேற்று என் கையிலிருந்து விழுந்த எலுமிச்சம்பழம் தானாகவே உருண்டு கல்லடுக்கின் கீழே போய் நின்றது. எடுக்கக் குனிந்தால், பலகையில் என் கட்டைவிரல் இறங்குகிறது. ஊறிய ரொட்டி மாதிரி இருக்கிறது, மச்சான். படுக்கையறைக் கதவும் இப்போது சாத்த வரவில்லை. கல்லையாவது ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். வேர் எல்லாக் கல்லையும் பற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றை இழுத்தாலும் செடி போய்விடும்.

கீழ் வீட்டில் தண்ணீர் சொட்டுகிறது. தொப்பி தைக்கும் இஸ்மாயில் அண்ணன் மேலே வந்து, "என்னா தங்கச்சி, சொங்கோக் வெல்வெட்டெல்லாம் ஈரமாவுது லா" என்று கேட்டார். கட்டடம் முழுவதையும் வாடகைக்கு எடுத்தவர் அவர். தரை ஊறுவது தெரிந்தால் செடியோடு நம்மையும் தெருவில் வைத்துவிடுவார், வாயைத் திறக்காதே என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் திறக்கவில்லை. சன்னல் வழியாக மழைச்சாரல் இறங்குகிறது போல என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்தானே என்று நினைத்தேன். அவர் அதை நம்பினார். கீழே சன்னலோரத்தில் தன் பிள்ளைக்குக் கட்டியிருந்த தொட்டிலை அன்றே அவிழ்த்து, மழை படாத இடம் என்று நடு உத்திரத்தில் கட்டிவிட்டார். உங்கள் கல்லடுக்குக்கு நேர் கீழே.

அண்ணன் மனைவி காமாரியாவின் அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆள் முகம் தெரிகிறது. என் மடிக்கு வந்தால் திரும்பிப் போக மாட்டேன் என்று அழுகிறான். நமக்கு அல்லாஹ் ஒன்றைக் கொடுத்திருந்தால் நீங்கள் இந்தச் செடிகளைப் பிள்ளைகள் என்று சொல்லமாட்டீர்கள். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

இன்று காலை உங்கள் வெள்ளைக்காரத் துரையின் ஆபீஸ் கிராணி வந்தார். வெள்ளிக்கிழமை மாலை துரையும் மதாமும் சிநேகிதர்களோடு பூப்பார்க்க வருகிறார்களாம், ஏழெட்டுப் பேர். கல்லோடு இருப்பது போலவே காட்டுவதாக நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை பேரும் சப்பாத்துக் காலோடு அந்தக் கல்லடுக்கைச் சுற்றித்தான் நிற்பார்கள். செய்தி தெரு முழுவதும் பரவிவிட்டது. காமாரியா வந்து, "நானும் பாக்க வர்றேன் அக்கா. புள்ளைய தூங்கப் போட்டுட்டு மெதுவா வர்றேன் லா" என்று சொல்லிச் சிரித்தாள். தொட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிடு என்றேன். "அங்க ஒரே இருட்டு அக்கா, நடுவுலதான் காத்து வருது" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என் முகத்தைப் பிடிக்கவில்லை.

அலாவுதீனுடைய தொங்கானிலேயே ஏறிவிடுங்கள், வெள்ளி விடிவதற்குள் வந்துவிடலாம், துரையை நிறுத்திவிட்டுத் தொட்டிகளை நாமே இறக்கிவிடலாம், இஸ்மாயில் அண்ணனிடம் நீங்களே பக்குவமாகப் பேசலாம் என்றெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவரை நானும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் இருந்தேன்.

கீழே காமாரியா பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். அவள் பாடுவது எப்போதும் பலகை வழியாகக் கேட்கும். இன்று பலகை இடுக்கில் தொட்டில் துணியின் பச்சை நிறமும் தெரிகிறது. நேற்று அங்கே இடுக்கே இல்லை.

மச்சான், உங்களுக்காகக் காத்திருக்க என்னால் முடியாது. கீழே போகிறேன். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கி என் கையில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் திரும்பி வரும்போது நமக்கு இங்கே வீடு இருக்குமோ, பூ இருக்குமோ தெரியாது. கோபித்துக்கொள்ளுங்கள், சாப்பிடாமல் இருங்கள், எது வேண்டுமானாலும் செய்யுங்கள்.

நான் படி இறங்கும் வரை அந்தத் தரையை அல்லாஹ் தாங்கட்டும். இது உங்கள் கைக்கு வரும்போது எதுவானாலும் நடந்து முடிந்திருக்கும். இருந்தாலும் வாசித்த உடனே அந்தப் பிள்ளைக்காகக் கையேந்தி துஆ செய்யுங்கள்.

தங்கள் மனைவி,
நூர் பீவி