பெயின்டர் வீட்டுச் சுவர்

என் அன்பு மனைவிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். இங்கே நானும் சுகம், சுவரும் சுகம். நம் வாண்டுக்கு மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால், உன் அக்கா "நல்லாத்தான் இருக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். நீயாவது விவரமாக எழுது.

போன மாதம் நம் சுவர் ஈரத்தைப் பார்க்கக் குடியிருப்பு வாரியத்திலிருந்து நான்காவது முறையாக ஆள் வந்தார். முதல் மூன்று முறை நடந்த கூத்துதான் உனக்குத் தெரியுமே. ஆள் வருவதற்கு முந்தின நாள், நீ தலையில் அடித்துக்கொள்ள, நான் பூஞ்சையைச் சுரண்டிவிட்டு இரண்டு கோட் அடித்துவிடுவேன். ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவன் வீட்டில் கறுப்புச் சுவரா என்று யாராவது கேட்டுவிட்டால் மானம் போய்விடுமே. வந்தவரும் பளபளவென்ற சுவரைப் பார்த்து 'ஈரம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார். பத்தே நாளில் பூஞ்சை திரும்பிவிடும், குழந்தைக்கு மூச்சு வாங்கும். கடைசியில் நீ அவளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று.

இந்தத் தடவை பிரஷ்களையெல்லாம் கட்டி மேஸ்திரி வீட்டில் கொடுத்துவிட்டேன். என் கை சும்மா இருக்காது என்று எனக்கே தெரியும். வந்தது ஒரு பெண் இன்ஜினீயர். சுவரைக் காட்டும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரோ, "நல்லவேளை, தொடாம வச்சிருக்கீங்க" என்றார். ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்தார். அது கத்திய கத்தலில் மாடி வீட்டுத் தையல்காரர் இறங்கி வந்துவிட்டார். வந்தவர், "உங்க வீட்லயுமா? எங்க வீட்ல மட்டும்தான்னு நெனச்சு பீரோவ இழுத்து மறைச்சு வச்சிருக்கேனே" என்கிறார். கீழ்வீட்டு டீச்சரம்மா பூப்போட்ட திரையே தைத்து மாட்டியிருக்கிறார். ஒரே சுவர், ஒரே ஈரம், ஆளுக்கொரு மறைப்பு. இன்ஜினீயரம்மா விழுந்து விழுந்து சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் ஈரமென்றால் காரணமும் ஒன்றுதான் என்று அவர் சொல்ல, வாரியத்து ஆட்கள் வெளிச்சுவரை உடைத்துப் பார்த்தார்கள். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் உள்ளே வெடித்துக் கிடந்தது. இப்போது புதுக் குழாய், புதுப் பூச்சு, குளியலறையில் ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன். போன வாரம் இரண்டு நாள் விடாத மழை. நேற்று அந்த அம்மா வந்து மறுபடி கருவியை வைத்தார். சத்தமே இல்லை. தையல்காரர் கைதட்டிவிட்டார். நான் நேரே குழந்தை டாக்டரிடம் ஓடினேன். விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார்.

இதையெல்லாம் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மூன்று முறை ஏமாந்தவளுக்கு இன்னொரு முறை ஆசை காட்ட மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயின்ட் அடிக்காதே என்று நீ முதல் தடவை சொன்னபோதே கேட்டிருந்தால், பிள்ளை இவ்வளவு இருமியிருக்க மாட்டாள். அதை நீ ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை. வந்து ஆசை தீரத் திட்டு. முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வாருங்கள்.

திட்டு வாங்கக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்