பென்சிலில் போட்ட பெருக்கல் குறி

அன்புள்ள தம்பி ஆணிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாகக் கட்சிக் கொடி பிடிக்கிறேனே, கட்சியின் கொள்கைப் புத்தகத்தை நேற்றுதான் திறந்தேன். என் தையல் மேசையின் கால் உடைந்தபோது ஒட்டித் தருவதாகச் சொன்னாய். அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டாய். இந்த இரண்டு வருடமும் அந்தப் புத்தகம்தான் அடியில் கிடந்து மேசையைத் தாங்கியது. அதற்கு முன்பு அலமாரியில் தூங்கியது.

எழுத்துக்கூட்டிப் படித்ததில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒழுங்காக நிற்பதைக் கலைக்காதே, பழுதானால் சரிசெய், தூக்கி எறிவது கடைசி வேலை, இதுதான் பழமைவாதம் என்று போட்டிருக்கிறது. அடப்பாவி! வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்திக்கொண்டே நீ சொல்வது இதைத்தானே? பாட்டில் பாட்டிலாகத் துருப்பிடித்த ஆணி சேர்த்ததால்தானே உனக்கு அந்தப் பெயரே வைத்தேன்.

புத்தகத்தை எதற்கு எடுத்தேன் என்று கேட்பாய். மறுபடி தேர்தல் வருகிறது. கட்சிச் செயலாளர் புது நோட்டு கொடுத்தார். வீடு வீடாகப் போய், நம்மவர் என்றால் டிக், எதிராளி என்றால் பெருக்கல், தெரியாவிட்டால் வட்டம் போட வேண்டும். தெருவில் எல்லா வீட்டுக்கும் போட்டுவிட்டேன். பூட்டிக் கிடக்கும் உன் வீட்டு வாசலில் மட்டும் கை ஓடவில்லை. நம்மவர் என்றால் யார் என்று பார்க்கத்தான் புத்தகத்தை உருவினேன்.

கை ஏன் ஓடவில்லை என்று சொல்கிறேன். உட்கார்ந்து படி.

போன தேர்தலுக்கு முன்னால் ஒருநாள் சாப்பிடும்போது, உங்க கட்சி பழசைக் காப்பாத்தலக்கா, பழசு மேல இருக்கிற தூசியத்தான் காப்பாத்துதுன்னு சொன்னாயே. எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நோட்டில் உன் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு பெருக்கல் போட்டேன். மறுநாள் உன்னிடம் காட்டி, இரு உன்ன மாட்டிவிட்டுட்டேன் பாருன்னு வம்புக்கு இழுத்துவிட்டு அழித்துவிடலாம் என்றிருந்தேன். காலையிலேயே செயலாளர் வந்து நோட்டை அவசரமாக வாங்கிப் போய்விட்டார். எனக்கு நூறு கொடிக்கு ஓரம் அடிக்கிற வேலை. மறந்தே போனேன்.

நாங்கள் ஜெயித்தோம். பன்னிரண்டு வருடமாக நீ பார்த்துவந்த பள்ளிக்கூட பெஞ்சு வேலையை நகராட்சி வேறொருவனுக்குக் கொடுத்தது. செயலாளரிடம் ஓடினேன். உங்க தம்பிதான், ஆனா நீங்களே போட்டிருக்கீங்களே அக்கா, பேனாவுல ஏத்தியாச்சே என்றார். விளையாட்டுக்குப் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்சி நோட்டில் விளையாடினேன் என்று தெரிந்தால் தெருப் பொறுப்பைப் பிடுங்கிவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். ஊரெல்லாம் வாயாடி என்று பெயரெடுத்தவள் அன்றைக்கு ஊமையானேன்.

நீ கிளம்பிய அன்று பையைத் தூக்கிக்கொண்டு, என் வேலையில என்னக்கா குறை, எந்த மூட்டு ஆடுச்சு என்று கேட்டாய். தெரியலடா என்றேன். அந்த ஒரு பொய்தான் என்னைத் தின்கிறது. ஒரு மூட்டும் ஆடவில்லை தம்பி. உன் கையில் ஒரு குறையும் இல்லை. குறை என் பென்சிலில்.

நேற்று செயலாளரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் நம்மைவிடப் பெரிய கட்சிக்காரன், புத்தகத்திலேயே போட்டிருக்கு பாருங்க என்று காட்டினேன். கட்சிக்காரன்னா ஓட்டுப் போடுறவன்க்கா, ஆணி நிமித்துறவன் இல்ல என்று சிரித்தார். நோட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்படியே தலைமையாசிரியையிடமும் போய் ஒப்புக்கொண்டேன். பின்னறையைத் திறந்து காட்டினார். புது ஆள் செய்த பெஞ்சுகள் கால் விரித்துக் கிடக்கின்றன. உன்னுடையவற்றில் இன்னும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தம்பி வந்தா நகராட்சிக்கு நானே எழுதுறேன் என்றார். எழுதுவார்கள், கொடுப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு இப்போது?

நீ அங்கே பெட்டித் தொழிற்சாலையில் ஆணி அடிப்பதாக உன் மாமா சொன்னார். அங்கே வளைந்த ஆணியைக் குப்பையில் போடச் சொல்வார்களாமே. போடாதே. பையில் எடுத்துவை. என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. வராவிட்டாலும் பரவாயில்லை, உன் கை நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: புத்தகத்தை உருவிவிட்டதால் மேசையை முழங்காலால் தாங்கிக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். தபால்தலை எடுக்க எழுந்தபோது பொத்தான் டப்பா கவிழ்ந்துவிட்டது. நூற்று நாற்பதில் நூற்று முப்பத்தொன்பது கிடைத்துவிட்டது. மீதி ஒன்று உன் மாமாவின் டீயில் விழுந்திருக்கிறது. அவர் குடித்து முடித்துவிட்டார். சர்க்கரை சரியாகக் கரையவில்லை என்றார்.