முதல் பக்கத்தில் தொண்ணூறு

நிலா தென்முனை, மேட்டு நிலையம். எழுதுபவர்: முனைவர் நப்பின்னை.

நாள் 41. 09:10
எல்லாம் வழக்கம்போல. தொலைநோக்கியைச் சரிசெய்ய ரோச் அண்ணன் பள்ளத்துக்குள் போகிறார். இங்கே நாங்கள் இருவர், வண்டி ஒன்று. போய்வர அறுபது மணி நேரம். வண்டிக்குள் மூச்சுக் காற்றைச் சுத்தம் செய்யும் வடிகட்டி தொண்ணூறு மணி நேரம் தாங்கும். "குளிர்ல சீக்கிரம் தீந்துரும் மேடம், நான் சோதிச்சிருக்கேன்" என்றார். தேடுபொறியில் முதல் பத்துக் கட்டுரைகளைக் காட்டினேன். பத்திலும் தொண்ணூறு. மாற்று வடிகட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நாள் 42. 12:20
ரோச் அண்ணன்: "தலை விண்ணு விண்ணுன்னு வலிக்கி மேடம். மீட்டர்ல சிவப்பு லைட் எரியுது." இருபத்தேழு மணி நேரம்தான் ஆகிறது. மீட்டர் கெட்டிருக்கும் என்றேன்.

13:05
பத்துக் கட்டுரைகளையும் இன்றுதான் திறந்து படிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஒருவரும் சோதிக்கவில்லை. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். எல்லாம் போய் நிற்பது ஒரே கட்டுரையில். எழுதியவர் நப்பின்னை.

அதை எழுதியபோது, தேடுபொறி காட்டிய சுருக்கத்திலிருந்து அந்த எண்ணை எடுத்தேன். மூலத்தைத் திறக்காமலே அடிக்குறிப்புப் போட்டுவிட்டு காபி குடிக்கப் போனேன். இப்போது திறந்தேன். சோதனை நடந்தது அறை வெப்பத்தில்.

13:40
தேடல் முடிவுகளின் ஒன்பதாம் பக்கத்தில் ஓர் அறிக்கை. உறைகுளிரில் முப்பது மணி நேரம். எழுதியவர்: ரோச், டெக்னீசியன். படித்தவர்கள்: யாருமில்லை.

13:55
அவரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "படிச்சவங்க பத்துப் பேர் சொல்லும்போது என் கணக்குதான் தப்புன்னு நெனச்சிட்டேன் மேடம்."

அசையாமல் படுத்தால் இன்று இரவு எட்டு, எட்டரை மணி வரை தாங்கலாம்.

14:10
கீழ்மேடு நிலையத்தை அழைத்தேன். அங்கிருந்து ஆறு மணி நேரத்தில் அவரை அடையலாம். பொறுப்பாளர் சபாபதி தேடிப் பார்த்துவிட்டுப் பேசினார்: "பதறாதீங்க நப்பின்னை. தொண்ணூறுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுதான் முதல்ல வருது. இன்னும் அறுபது மணி நேரம் இருக்கே. வண்டிக்கு சார்ஜ் ஏத்திட்டு நாளைக்குக் காலையில கிளம்புறோம்."

அந்தக் கட்டுரை தப்பு என்று கத்தினேன். ஒன்பதாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். "டெக்னீசியன் எழுதினதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

15:30
அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. திருத்தம் எழுதி வெளியிட்டேன். தேடிப் பார்த்தேன். பதினோராம் பக்கம்.

16:00
ரோச் அண்ணனுக்குக் குரல் குழறுகிறது: "கெளம்பிட்டாங்களா மேடம்?"

கிளம்பிவிட்டார்கள் என்றேன்.